பழுக்கட்டும் என்றார்கள்

இரண்டு கண்ணிலும் புரையோடு பிறந்தவள் நான். இதை வருத்தத்தோடு சொல்லவில்லை. வருத்தப்படுகிற வேலையை மேற்குத் தாம்பரத்தில் எங்கள் சபையார் எனக்குப் பதிலாகப் பல வருஷம் செய்து தீர்த்துவிட்டார்கள். எனக்கு மிஞ்சியது கோபம் மட்டும்தான். அதை இன்றுவரை பத்திரமாக வைத்திருக்கிறேன்.

அறுபதுகளின் தொடக்கத்தில் கண்புரை என்றால் வயசானவர்களுக்கு வருவது என்றுதான் எங்கள் பக்கத்தில் எல்லாரும் நினைத்திருந்தார்கள். குழந்தைக்கு வந்தால் அதற்குப் பெயர் வேறு. கண்ணில் பூ விழுந்திருக்கிறது என்பார்கள். கேட்க அழகாக இருக்கும். விழுந்தது பூ ஒன்றும் இல்லை. கண்மணிக்குப் பின்னால் கண்ணாடி போல இருக்க வேண்டிய வில்லை தயிர் மாதிரி வெளுத்துக் கிடந்தது. வெளிச்சம் உள்ளே போக வழியில்லை. கறுப்பாக இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக ஒரு வட்டம் இருப்பதை, என்னைத் தூக்கிக் கொஞ்சிய அத்தனை பேரும் பார்த்தார்கள். பார்த்துவிட்டு அம்மாவைப் பார்த்தார்கள்.

எங்கள் சபை கிரகணத்தை நம்பாத சபை. ராகு, கேது என்று யாராவது வாயெடுத்தால் போதகர் முகம் சுளிப்பார். ஆனால் அம்மா என்னைச் சுமந்திருந்தபோது ஒரு கிரகணத்தன்று கொல்லையில் துணி உலர்த்தினாள் என்ற செய்தி மட்டும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து செருப்பு மாட்டுவதற்குள் எல்லாருக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. கிரகணத்தில் நம்பிக்கை இல்லாதவர்கள்தான் அதை அத்தனை நம்பிக்கையோடு பரப்பினார்கள்.

அப்புறம் வைத்தியம். தாய்ப்பால் விடச் சொன்னார்கள், அம்மா விட்டாள். நந்தியாவட்டைப் பூவைக் கசக்கிப் பிழியச் சொன்னார்கள், பிழிந்தாள். தேன் விடச் சொன்னார்கள். அன்றைக்கு நான் போட்ட கூச்சல் சானடோரியம் ஸ்டேஷன் வரைக்கும் கேட்டிருக்கும். போதகர் வந்து நெற்றியில் எண்ணெய் பூசி ஜெபம் செய்தார். அதுவாவது எரியவில்லை. கோவளத்திலிருந்து கூடையோடு பஸ் ஏறி வரும் மீன்காரம்மா ஒருநாள் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, கொயந்தைக்குக் கண்ணுல பூ வுய்ந்து கீது, நீ சும்மா குந்திகினு கீற?" என்று அம்மாவை அதட்டினாள். கேளம்பாக்கத்துப் பக்கம் ஒருத்தர் நாக்கால் நக்கியே பூவை எடுத்துவிடுகிறார் என்று வழியும் சொன்னாள். அம்மா அங்கே மட்டும் போகவில்லை. என் கண்ணைச் சுற்றி நடந்த கூத்தில் நடக்காமல் போனது அது ஒன்றுதான்.

இந்தக் கூத்துக்கெல்லாம் தலைமை என் அத்தை. அப்பாவின் மூத்த அக்கா. பல்லாவரத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்துக்குத் தலைமை ஆசிரியை. கல்யாணம் செய்துகொள்ளாமல் அப்பாவைப் படிக்கவைத்து, ரயில்வே ஆபீசில் ஒரு நாற்காலியில் உட்காரவைத்தவர். உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான். அத்தைக்கு முன்னால் அப்பா எந்த விஷயத்திலும் எழுந்து நின்று நான் பார்த்ததில்லை.

நான் பிறப்பதற்குக் கொஞ்சம் முன்னால் அத்தைக்கும் ஒரு கண்ணில் புரை வந்திருந்தது. இப்போது வேண்டாம், நன்றாக முற்றிப் பழுக்கட்டும், பிறகு எடுக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்தக் காலத்தில் வயசானவர்களுக்கு அப்படித்தான் சொல்வார்கள். அத்தை காத்திருந்தார். பழுத்தது. எடுத்தார்கள். கண் தெரிந்தது. அன்றிலிருந்து கண் சம்பந்தப்பட்ட எல்லாவற்றுக்கும் அத்தைதான் கடைசி வார்த்தை. பல்லைப் பிடுங்கிக்கொண்டவர்கள் யாரும் பல் டாக்டராகிவிடுவதில்லை. கண் விஷயத்தில் மட்டும் எப்படியோ ஆகிவிடுகிறார்கள்.

"பச்சைக் குழந்தை கண்ணுல கத்தி வைக்கறதாவது," என்று அத்தை அம்மாவிடம் சொன்னாராம். "மாங்காயைப் பழுக்காம பறிப்பியா நீ? பழுக்கட்டும். ஆறேழு வயசாகட்டும், பார்த்துக்கலாம்."

அப்பா தலையாட்டினார். அம்மா ஆசிரியப் பயிற்சி முடித்தவள். நான் பிறந்ததும் வேலையை விட்டவள். அவளுக்கும் சொல்ல ஏதோ இருந்தது. கேட்கத்தான் ஆள் இல்லை.

பழுப்பதற்காக ஒதுக்கப்பட்ட அந்த வருஷங்களில் நான் என்ன பார்த்தேன் என்று பிற்பாடு பலர் ஆசையாக விசாரித்திருக்கிறார்கள். வெள்ளையைப் பார்த்தேன். எண்ணெய்க் காகிதம் ஒட்டிய ஜன்னல் வழியாகப் பார்த்தால் எப்படி இருக்கும், அப்படி. வெளிச்சம் தெரியும், யாரோ குறுக்கே போவது தெரியும், யார் என்பதைக் குரல்தான் சொல்ல வேண்டும். உச்சி வெயிலில் எல்லாமே வெளுத்து ஒன்றும் தெரியாது. சாயங்கால மங்கலில் கொஞ்சம் பரவாயில்லை. ஆகவே மத்தியானம் தடுக்கி விழுந்தால் எனக்குக் கவனம் போதாது என்றார்கள். சாயங்காலம் விழாமல் நடந்தால், பார்த்தாயா, மனசு வைத்தால் பார்க்கிறாள் என்றார்கள். என் கண் தெரியாததற்கும் கடைசியில் நான்தான் பொறுப்பு.

பல்லாவரத்தில் வெள்ளிக்கிழமை சந்தை. அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு ரயிலில் போவாள். சந்தை முடித்து அத்தை வீட்டுக்குப் போகாமல் திரும்பினால் அது பெரிய குற்றம். மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்கள் அத்தை வீட்டு மொட்டைமாடியை உரசுகிற மாதிரித் தாழப் போகும். சத்தம் கேட்டதும் நான் தலையைத் தூக்குவேன். சத்தம் போகிற பக்கமே என் முகமும் போகும். உடனே அத்தை அக்கம்பக்கத்துப் பெண்களைக் கூப்பிடுவார்.

"பாருங்க, ஏரோப்ளேனைப் பார்க்கறா. இவளுக்குப் போய்க் கண்ணு தெரியலைன்னு அவங்க அம்மா அழறா."

நான் விமானத்தை ஒருநாளும் பார்த்ததில்லை. அது கறுப்பா வெள்ளையா என்றுகூட எனக்குத் தெரியாது. காதால் முகத்தைத் திருப்பினேன், அவ்வளவுதான். அதைப் பார்வை என்று சாதித்தவர்களுக்கு இரண்டு கண்ணும் நன்றாகத் தெரிந்தது.

பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற வயசும் தாண்டிய பிறகு, அத்தை ஒருநாள் என்னை வாசல் வெளிச்சத்தில் நிறுத்தி, இமையை விரலால் விரித்துப் பார்த்து, பழுத்துவிட்டது என்று தீர்ப்பு வழங்கினார். அரைமணி முன்னால் சந்தையில் கொய்யாப்பழத்தை அமுக்கிப் பார்த்த அதே விரல்.

பட்டணத்தில் பெரிய கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் ஒரு அம்மாள். அதிகம் பேசாதவர், பேசினால் நயம் பார்க்காதவர். விளக்கை அடித்தும் அணைத்தும், எதையோ என் மூக்குக்கு நேராக ஆட்டியும் வெகுநேரம் பார்த்தார். என் கண்கள் ஓரிடத்தில் நிற்காமல் தாமாகவே ஆடிக்கொண்டிருந்தன. அது நல்ல அறிகுறி இல்லை என்றார். இத்தனை வருஷம் எங்கே போயிருந்தீர்கள் என்று அப்பாவைக் கேட்டார். அப்பா, பழுக்கட்டும் என்று வீட்டில் பெரியவர்கள், என்று இழுத்தார்.

"கிழவர் கண்ணு வேற, குழந்தை கண்ணு வேற சார்," என்றார் டாக்டர். "பார்க்கறதுக்கு மூளை கத்துக்கணும். பொறந்த மொதல் சில மாசத்துல கத்துக்கணும். அப்ப திரையைப் போட்டு மூடி வெச்சுட்டீங்க. இப்ப எடுன்னா நான் எடுத்துடுவேன். உள்ள உட்கார்ந்து பார்க்க யாராவது இருக்கணுமே?"

அம்மா எனக்கு இதைப் பலமுறை சொல்லியிருக்கிறாள். ஒரு எழுத்துகூட மாறாது. அப்பா ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

அறுவை சிகிச்சை ஒன்றோடு முடியவில்லை. ஊசி போன்ற ஒரு கத்தியால் வில்லையின் உறையைக் கிழித்துவிடுவார்கள். வெளுத்த சதை கண்ணுக்குள்ளேயே மெல்லக் கரையும். கரையாமல் தங்கினால், அல்லது மறுபடி ஒரு சவ்வு படர்ந்தால், திரும்பவும் கிழிப்பார்கள். ஒவ்வொரு தடவையும் மயக்கம் கொடுக்கிற ஈதர் வாடை, வாந்தி. இரண்டு கண்ணையும் கட்டி, தலை அசையாமல் இருக்கப் பக்கத்துக்கு ஒரு மணல் பை வைப்பார்கள். கண்ணைத் தேய்த்துவிடாமல் இருக்க இரண்டு கைக்கும் அட்டை சுற்றி நாடாவால் கட்டிவிட்டார்கள். முழங்கை மடங்காது. மூக்கு அரித்தால் அம்மாவைக் கூப்பிட வேண்டும். அத்தை ஒருநாள் ஆரஞ்சுப்பழத்தோடு வந்து, நான் பொறுமையாகப் படுத்திருப்பதை மெச்சிவிட்டுப் போனார். கட்டிப் போட்ட பிறகு பொறுமையாக இருக்காமல் வேறென்ன செய்வது?

வில்லையை எடுத்த கண்ணுக்கு வெளியே ஒரு வில்லை மாட்ட வேண்டும். சோடா புட்டி என்று பிள்ளைகள் சொல்வார்களே, அந்தக் கண்ணாடி. காதில் நிற்காத கனம். பின்னந்தலையில் நாடா கட்டி நிறுத்தினார்கள். அதைப் போட்டுக்கொண்டு வீடு திரும்பிய அன்று தாம்பரம் ஸ்டேஷனில் மஞ்சளாக ஏதோ பெரிதாக நிற்பது தெரிந்தது. அதில் கறுப்பாக வளைவுகள். புளியங்கொட்டையை அடுக்கி, விரலால் தடவவைத்து, அம்மா எனக்கு எழுத்து சொல்லிக் கொடுத்திருந்தாள். பலகைக்குக் கிட்டே போய் முகத்தை வைத்து ஒவ்வொரு எழுத்தாக நகர்ந்து ஊர்ப் பெயரைப் படித்தேன். அம்மா பிளாட்பாரத்தில் நின்று அழுதாள். எனக்கு அது பெரிய சந்தோஷம், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் எனக்குக் கிடைத்த பார்வையின் அளவும் அதுதான். ஸ்டேஷன் பலகை அளவு எழுத்து, மூக்கு முட்டும் தூரம், வலது கண். அதற்குக் கீழே எதுவும் இல்லை.

இடது கண்ணுக்கும் ஒரு வழி இருக்கலாம் என்றார் டாக்டர். நல்ல கண்ணைத் தினமும் கொஞ்ச நேரம் மூடி வைத்தால், சோம்பேறிக் கண் வேறு வழியில்லாமல் வேலை செய்யப் பழகும். தாமதம்தான், இருந்தாலும் முயலுங்கள் என்றார். அம்மா பஞ்சும் பிளாஸ்திரியும் வைத்து ஒட்டினாள். நான் சுவரில் முட்டிக்கொண்டேன், அழுதேன், அவளைக் கடித்தேன். அவள் விடவில்லை. விட்டது அத்தை. சபையில் ஒரு கல்யாணம், போட்டோ எடுக்கிறார்கள், பிள்ளை அசிங்கமாக இருக்கிறாள் என்று கட்டைப் பிய்த்தார். அடுத்தாற்போலக் கிறிஸ்துமஸ் வந்தது. அடுத்தாற்போல யாரோ பெரிய போதகர் வந்தார். ஒவ்வொரு பண்டிகைக்கும் ஒரு பிய்ப்பு. கடைசியில் அம்மாவின் கை ஓய்ந்தது, இடது கண்ணும் ஓய்ந்தது. அந்தக் கல்யாண போட்டோ இன்னும் என்னிடம் இருக்கிறது. நான் அழகாகத்தான் இருக்கிறேனாம். இடது கண் எங்கேயோ போயிருக்கிறதாம்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் எங்கள் சபையாரால் மட்டுமே செய்ய முடிந்த காரியம்.

வாரம் ஒரு வீட்டில் ஜெபக்கூட்டம். எந்த வீட்டில் கூடுகிறதோ அந்த வீட்டுப் பிள்ளை எழுந்து நின்று வேதபாடம் வாசிக்க வேண்டும் என்பது முறை. எந்தப் பாடம் என்று முந்தின வாரமே சொல்லிவிடுவார்கள். அப்பா தினமும் ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் உரக்க வாசிப்பார். ஞாயிறு பள்ளியில் வேறு எல்லாரும் சேர்ந்து ராகம் போட்டு ஒப்பிப்போம். கண் இல்லாத பிள்ளைக்குக் காது எப்படி இருக்கும்? இரண்டு தரம் கேட்டால் எனக்கு அதிகாரம் முழுக்க நின்றுவிடும். எங்கள் வீட்டு முறை வந்தபோது நானும் எழுந்து, புத்தகத்தைக் கையில் விரித்து, மனப்பாடமாக இருந்ததைச் சொன்னேன். அச்செழுத்து எனக்குச் சாம்பல் பூசிய மாதிரிதான் தெரியும். ஆனால் எல்லாப் பிள்ளைகளும் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டுதான் நிற்பார்கள், நானும் பிடித்தேன். என்னிடம் யாரும் வாசிக்கிறாயா ஒப்பிக்கிறாயா என்று கேட்கவில்லை.

அற்புதம் என்றார்கள். ஆபரேஷன் ஆன பிள்ளை தடங்கலில்லாமல் வாசிக்கிறாள் என்று அத்தை சபையில் எழுந்து சாட்சி சொன்னார். மற்ற வீட்டுக் கூட்டங்களுக்கும் என்னை அழைத்துப் போய் நிறுத்தினார்கள். அத்தையின் பள்ளிக்கூடத்தில் எனக்குப் பரிசு கொடுத்தார்கள். அம்மா சொல்லிப் பார்த்தாள். இவள் படிக்கவில்லை, மனப்பாடம் சொல்கிறாள், இவளால் அச்சைப் படிக்க முடியாது என்று போதகரிடமும் அத்தையிடமும் அப்பாவிடமும் தனித்தனியாகச் சொன்னாள். பெற்ற பிள்ளையை இப்படிக் குறைத்துப் பேசுகிற தாயைப் பார்த்ததில்லை என்றார் அத்தை. நன்றியில்லாத மனசு என்று மற்றவர்களும் சொன்னார்கள். ஆண்டவரை மெச்ச வந்தவர்களிடம் அச்செழுத்தின் அளவைப் பற்றிப் பேசினால் யார் கேட்பார்கள்?

அறுபதுகள் முடிகிற சமயத்தில் தம்பி பிறந்தான். எனக்கு அப்போது பத்து வயசிருக்கும். அம்மா அவனைக் குளிப்பாட்டுவதற்கு முன்னால் ஜன்னலண்டை கொண்டுபோய்க் கண்ணைப் பார்த்தாள். திரும்பி வந்து பாயில் உட்கார்ந்தாள். அதே வெள்ளை, இரண்டிலும்.

அடுத்த பிள்ளைக்கும் இப்படி இருந்தால் ஒரு நாளும் காத்திருக்காமல் தூக்கிக்கொண்டு வாருங்கள் என்று டாக்டர் முன்பே சொல்லிவைத்திருந்தார். அம்மா போக வேண்டும் என்றாள். அத்தை தாம்பரத்துக்கே வந்து உட்கார்ந்துகொண்டார்.

"இவளுக்கு ஏழு வயசுல பண்ணினோம். இன்னிக்கு சபையே மெச்சற மாதிரி வாசிக்கறா. இவனுக்கு மட்டும் என்ன ரயிலா ஓடிப்போகுது? பச்சைப் புள்ளைக்கு மயக்க மருந்து குடுத்து, கண்ணு முழிக்கலைன்னா யாரு பதில் சொல்றது?"

மயக்க மருந்தைப் பற்றிய பயம் பொய்யில்லை. அந்தக் காலத்தில் அதற்குப் பயப்படாத தாய் இருந்திருக்க மாட்டாள், என் அம்மாவும் ராத்திரி தூங்காமல்தான் பயந்தாள். ஆனால் அத்தை பயந்து பேசவில்லை. ஜெயித்துப் பேசினார். என்னைக் கைகாட்டிப் பேசினார். தகப்பன் கையெழுத்துப் போடாமல் ஆஸ்பத்திரியில் குழந்தைமேல் கை வைக்க மாட்டார்கள். அப்பா அத்தையின் முகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இவள் நன்றாகத்தானே இருக்கிறாள் என்றார். வாரங்கள் போயின. தம்பி யார் கிட்டே வந்தாலும் முகத்தைப் பார்க்காமல், ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்துச் சிரித்தான். அவன் கண்ணுக்கு எதிராக அந்த வீட்டில் இருந்த ஒரே அத்தாட்சி என் வாசிப்பு. 

அடுத்த வாரம் ஜெபக்கூட்டம் எங்கள் வீட்டில். கூடம் நிறையப் பாய். போதகர் நாற்காலியில், பக்கத்தில் அத்தை, வாசலோரம் அப்பா. பாட்டு முடிந்ததும் அம்மா உள்ளேயிருந்து புத்தகத்தைக் கொண்டுவந்து, விரித்து, என் கையில் வைத்தாள்.

வைத்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. கனம் போதவில்லை. தாள் முரடு. வாடையும் வேறு. அப்பா ஆபீசிலிருந்து கொண்டுவரும் ரயில்வே கால அட்டவணைக்கு, எங்கள் வேதபுத்தகத்துக்கு அட்டை போட்ட அதே பைண்டரிடம் கறுப்பு காலிகோ துணி அட்டை போட்டு வைத்திருந்தார். இரண்டும் ஒரே அலமாரியில் இருக்கும். நான் அம்மா பக்கம் முகத்தைத் திருப்பினேன். அவள் கை என் தோளில் வந்து அழுந்தியது. புரிந்தது. அன்றைக்கு வாசித்ததுபோல நான் எதையும் ஆசையோடு வாசித்ததில்லை. நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, ஏற்றி இறக்கி, நடுவில் விரலை எச்சில் தொட்டுப் பக்கம்கூடப் புரட்டினேன். முடித்ததும் கூடமே ஆமென் என்றது. போதகர் ஸ்தோத்திரம் என்றார். அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டாராம்.

"அக்கா, இவ விட்ட எடத்துலேர்ந்து நீங்க கொஞ்சம் வாசிங்க," என்றாள் அம்மா.

அத்தை கௌரவத்தோடு எழுந்து, கண்ணாடியைச் சரிசெய்து, புத்தகத்தை வாங்கி, தொண்டையைக் கனைத்துக்கொண்டார். கணீரென்ற தலைமை ஆசிரியைக் குரல். "செங்கல்பட்டு பாசஞ்சர்," என்று ஆரம்பித்தார். அங்கேயே நின்றுவிட்டார்.

பின்பாயில் யாரோ சிரிப்பை அடக்கி இருமினார்கள். போதகர் புத்தகத்தை வாங்கிப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், மறுபடி உள்ளே பார்த்தார். அம்மா குரலை உயர்த்தவில்லை.

"இவளால அச்சுல ஒரு எழுத்து படிக்க முடியாது. எத்தனையோ தடவை சொன்னேன். பழுக்க வெச்சதோட பலன் இதுதான். இது மாங்கா இல்லக்கா, கண்ணு. இவனையும் நான் பழுக்க வைக்க மாட்டேன்."

அத்தை மனம் மாறி அழுதார் என்று எழுதினால் நன்றாக இருக்கும். அப்படி எதுவும் நடக்கவில்லை. ஜெபக்கூட்டத்தில் வஞ்சகம் செய்தாள் என்றார். போதகர் கடைசி ஜெபத்தில் அம்மாவின் மன்னிப்புக்காகத் தனியாக ஒரு பகுதி ஒதுக்கினார். என் கண்ணுக்காக யாரும் ஒரு வார்த்தை ஒதுக்கவில்லை. காபி மட்டும் எல்லாரும் குடித்துவிட்டுத்தான் போனார்கள். அவர்கள் போனதும் அப்பா கால அட்டவணையை எடுத்து வெகுநேரம் மடியில் வைத்திருந்தார். பிறகு எழுந்து நின்றார். திங்கட்கிழமை லீவு போடுகிறேன், பிள்ளையைத் தயார் பண்ணு என்று அம்மாவிடம் சொன்னார். எழுந்து நிற்க அவருக்கு என்னுடைய இரண்டு கண்ணும் தேவைப்பட்டன.

அதே டாக்டர் அம்மாள்தான். தம்பியைப் பார்த்துவிட்டு, இன்னும் முன்னாலேயே வந்திருக்கலாம், இப்போதாவது வந்தீர்களே என்றார். கத்தியின் வேலையும் கொஞ்சம் மாறியிருந்தது. சின்னதாகக் கீறி, உள்ளே இருந்ததை உறிஞ்சியே எடுத்துவிட்டார்கள். குழந்தையின் வில்லை அத்தனை மெத்தென்று இருக்குமாம். பழுக்கவைக்க அதில் ஒன்றுமே கிடையாது என்று டாக்டர் சொன்னபோது அம்மா சிரித்தாளாம், சிரிப்பு நிற்காமல் நர்ஸ் தண்ணீர் கொண்டுவந்தாளாம்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று டாக்டர் சொல்லவே இல்லை. திரும்பச் சவ்வு படர்ந்தது, திரும்ப மேஜையில் படுக்கவைத்தார்கள். பிற்காலத்தில் கண்ணுக்குள் அழுத்தம் ஏறலாம், ஆயுசு முழுக்கப் பரிசோதனைக்கு வர வேண்டும் என்று பயமுறுத்தியே அனுப்பினார். கைக்குழந்தைக்கும் சோடா புட்டி. அவன் அதைப் பிடுங்கிப் பருப்புக் கிண்ணத்தில் போட்டான், ரயில் ஜன்னல் வழியாகவும் எறியப் பார்த்தான். அம்மா துணித் தொப்பி தைத்து, கண்ணாடியைத் தொப்பியோடு சேர்த்துத் தைத்து, தாடைக்குக் கீழே முடிச்சுப் போட்டாள். பால் குடிக்கிற பிள்ளைக்குக் கண்ணாடியா என்று சபைப் பெண்கள் உச்சுக் கொட்டினார்கள். ஒரு கண்ணை மூடி மறு கண்ணைப் பழக்கும் கட்டும் உண்டு. இந்தத் தடவை அதைப் பிய்க்க ஒரு கையும் நீளவில்லை. அம்மாவின் குரல் அப்படி இருந்தது.

எழுபதுகள் வந்தன. அத்தைக்கும் எங்களுக்கும் பேச்சு திரும்ப ஒட்டிக்கொண்டது. ஒட்டியதோடு, தம்பியை நேரத்தோடு ஆஸ்பத்திரிக்கு அனுப்பியதே தான்தான் என்று அத்தை பல்லாவரம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா மறுத்துப் பேசவில்லை. மறுத்துப் பேச நான் இருந்தேன். வாயாடி என்று பெயர் வாங்கியது அப்போதுதான்.

தம்பிக்கு மூன்று வயசிருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை, சந்தை முடிந்து அத்தை வீட்டு மொட்டைமாடியில் உட்கார்ந்திருந்தோம். அத்தை வடாம் காயவைத்துக்கொண்டிருந்தார். தம்பி என் மடியில் நிலக்கடலை தின்றுகொண்டிருந்தவன், திடீரென்று கையை நீட்டி, "ப்ளேன்," என்றான்.

ஒரு சத்தமும் இல்லை. பொய் சொல்லக் கூடாது, ஆண்டவர் பார்க்கிறார் என்று அத்தை அவனைக் கண்டித்தார். எனக்கும் அவன் விளையாடுகிறான் என்றுதான் தோன்றியது. என் அனுபவத்தில் விமானம் என்பது சத்தம். சத்தம் இல்லாத விமானம் ஒன்று இருக்க முடியும் என்பதே எனக்குத் தெரியாது. கொஞ்சம் பொறுத்து அது வந்தது, தூரத்தில் முனகி, பெருத்து, மாடியே அதிர்கிற மாதிரி. பழக்கதோஷத்தில் நான் தலையைத் தூக்கினேன். சத்தத்தோடு முகத்தைத் திருப்பினேன், சின்ன வயசில் அத்தை ஊரைக் கூட்டிக் காட்டினாரே, அதேபோல.

கடலை உப்பு ஒட்டிய ஒரு சின்னக் கை என் தாடையைப் பிடித்து இழுத்து வேறு பக்கம் திருப்பியது.

"அங்க இல்லக்கா. அங்க ஒண்ணும் இல்ல. இங்க வந்துடுச்சு பாரு."

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, விமானம் எப்போதும் தன் சத்தத்துக்கு முன்னால் போகிறது என்று. இத்தனை வருஷம் நான் முகத்தைத் தூக்கிப் பார்த்ததெல்லாம் அது விட்டுப் போன வெறும் இடம். அதைப் பார்த்துத்தான் அத்தனை பெண்களும் கைதட்டினார்கள்.

"தெரியுதாக்கா?" என்றான் தம்பி.

வடாத் தட்டின் சத்தம் நின்றது, அத்தை எங்களைக் கவனிக்கிறார் என்று தெரிந்தது. எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, பொறாமையாகவும் இருந்தது.  அத்தை காதில் நன்றாக விழட்டும் என்று உரக்கச் சொன்னேன்.

"எனக்குத் தெரியலைடா. எனக்கு ஒருநாளும் தெரிஞ்சதில்லை. நீ பார்த்துச் சொல்லு."

அத்தை வடாத் தட்டை நகர்த்துகிற சத்தம் கேட்டது. தம்பி சொல்ல ஆரம்பித்தான். வெள்ளையா இருக்கு, ரெண்டு கை நீட்டிக்கிட்டு இருக்கு, வயித்துக்குக் கீழ சக்கரம் வருது, இப்ப மரத்துக்குப் பின்னால போகுது. கண்ணுக்கு மறைகிறவரை சொல்லிக்கொண்டே இருந்தான். அவன் கண்ணுக்கு.